அண்ணனுக்கு என்ன, எனக்கு என்ன

என் அண்ணனுக்கு முதன்முதலாக உடம்பு தடித்தது அறுபத்தேழாம் வருஷம், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவனுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பதின்மூன்று. காலையில் இட்லி சாப்பிட்டு எழுந்தவனுக்குக் கழுத்திலிருந்து முழங்கால்வரை பட்டை பட்டையாகச் சிவந்தது. உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது.

"காணாக்கடிதான். ஏதோ பூச்சி கடிச்சிருக்குது" என்றார் அப்பா. பிள்ளையார்பாளையத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது. அடுத்த தெருவில் மந்திரிக்கிறவர் வேப்பிலை அடித்தார். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயில் ஒரு கரண்டி குடித்துவிட்டு, மீதியை உடம்பில் தேய்க்கச் சொன்னார். அண்ணன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு வாரம் பத்தியம், தடிக்கும்போதெல்லாம் இப்படித்தான். பத்தியம் என்றால் நெய். அவனுக்குக் குழைந்த சோற்றில் நெய், நெய் தோசை, சாத்துக்குடி, எனக்குக் கூழ். தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் தனி நாடாவை எறிவது அதுவரை அவன் வேலை. அதுவும் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் நாடா எறிவேன். அவன் பாயில் படுத்துத் துப்பறியும் கதை படிப்பான்.

"இன்னா, கை வலிக்குதா?" என்பான்.

"உனுக்கு வாய் வலிக்கலியா, துன்னுக்கினே இருக்கியே?"

"சீக்காளியாண்ட சண்டைக்கு வராதடி."

பொறாமையில்தான் நோட்டுப் போட்டேன். தேதி, கிழமை, அண்ணனுக்கு என்ன, எனக்கு என்ன என்று நான்கு பத்திகள். என்றைக்காவது அம்மாவிடம் சண்டை போடும்போது ஆதாரம் வேண்டுமே. அவனுக்கு உடம்பு தடித்த நாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன், அன்றைக்குக் கவனிப்பு அதிகம் என்பதால்.

ஆவணி முடிவதற்குள் ஆறு புள்ளிகள். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை எல்லாப் பக்கங்களையும் சேர்த்துப் படித்தேன். ஆறு நாளும் எள். இட்லிப் பொடி, எள்ளுருண்டை, நல்லெண்ணெய் ஊற்றிய ஊறுகாய். சமையலுக்கு எங்கள் வீட்டில் கடலை எண்ணெய்தான். எண்ணெய் மருந்து கொடுத்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் மூச்சு அதிகம் இழுத்திருக்கிறது. ஓரத்தில் 'எள்' என்று எழுதி, திங்கள் என்றும் குறித்தேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எள் ஆகாது என்று தெரிந்தால் வருஷம் முழுக்க அவனுக்கு மட்டும் நெய்தான் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, பெருமாளுக்குப் படைத்த எள்ளுச் சாதத்தை எதிர்வீட்டு அத்தை கொண்டுவந்து கொடுத்தார். நான் தறியில் இருந்ததால் பார்க்கவில்லை. இரண்டு வாய் தின்றவனுக்குக் குரல் அடைத்தது. நான் ஓடிவந்தபோது அம்மா கரண்டி எண்ணெயை அவன் வாயருகே கொண்டுபோயிருந்தாள். தட்டிவிட்டேன்.

"பாவி, அவன் மூச்சு விட முடியாம திணறிக்கினு இருக்கான்!"

"அதாம்மா அவனுக்கு ஆவல! எள்ளும்மா, எல்லாம் எள்ளு!"

அப்பா அவனை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். நான் நோட்டோடு பின்னால் ஓடினேன். டாக்டர் ஊசி போட்டார். மூச்சு சீரான பிறகு நோட்டைப் புரட்டினார்.

"இது அலர்ஜிங்க. இனிமே எள்ளு வீட்டுக்குள்ளயே வரக் கூடாது. பொண்ணு கெட்டிக்காரி" என்றார்.

அப்பா என் தலையைத் தடவினார். அதற்கு எத்தனை நாள் ஏங்கியிருந்தேன்! கூசியது.

நான் பயந்தபடியே மறுநாளிலிருந்து அவனுக்கு நெய் தோசை. பாயில் படுத்து என் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"திங்கக்கெழமயே தெரியுமா உனுக்கு?"

அம்மா அடுப்படியில்தான் இருந்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நோட்டை மூடித் தலையணைக்கடியில் வைத்தான். தோசையைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினான்.

"துன்னுடி."

தின்றேன். நெய் விரலில் ஒழுகியது. மன்னிப்பதுகூட அவனுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று வயிறு எரிந்தது.