அத்தான் டயர் பார்த்த நாலு மாதம்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடை. கடைக்குப் பின்னால் ஓர் இருட்டு அறை, அதில் ஒரு சுழல் நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. முப்பது வருடமாக அந்த நாற்காலியில் ஆட்களை உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு "ஒண்ணு" என்பார். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு "ரெண்டு. எது தெளிவா இருக்கு?" என்பார். பதில் வந்ததும் விட்டுவிட மாட்டார். அதே இரண்டையும் முன்பின்னாக மாற்றிப் போட்டு மறுபடி கேட்பார். சொன்னது நிஜமா, வாய்க்கு வந்ததா என்று தெரிய வேண்டுமாம். கண்ணுக்கு இதெல்லாம் சரி. இந்தப் பழக்கத்தோடு ஒரு மனிதர் டயர் வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை நான் நாலு மாதம் கூடவே இருந்து அனுபவித்தேன். நான் செய்த பாவம், எனக்குக் கார் ஓட்டத் தெரியும்.

ஐம்பத்து நாலு வயதில் அத்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். கண் காட்ட வந்த ஒருவர் முதுகுவலி தாங்காமல் தள்ளிவிட்ட வண்டி. மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். என் அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முழங்கால் தகராறு வேறு. அதில் ஏறுவது அவளுக்குக் கஷ்டமில்லை, தொப்பென்று விழுந்தால் போதும். இறங்குவதற்குத்தான் அத்தான் சுற்றி வந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும். அவள் சலித்துக்கொள்வாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். அதற்கு முன்னால் அவர்கள் வைத்திருந்த வண்டிகளில் எல்லாம் பின் இருக்கை இருந்தது. பின் இருக்கையில் எப்போதும் பிள்ளைகளோ என் அம்மாவோ நானோ இருந்தோம். இரண்டு பேராகத் தனியாக எங்கேயும் போக அவர்களுக்கு இந்த வண்டி தேவைப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில், பெட்ரோல் பங்க் பக்கத்து ரவுண்டானாவில் வண்டி வழுக்கி ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"டயர மாத்துங்க. மாத்தற வரைக்கும் நான் அதுல உட்கார மாட்டேன்."

அவள் பேச்சு எப்போதுமே வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அத்தான் தலையை ஆட்டினார்.

மறுநாள் வண்டியை டயர் கடைக்கு நான்தான் ஓட்டிப் போனேன். அத்தான் என் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். டயர் எப்படி உருளுகிறது என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டுமாம். டயர்க் கடைக்காரர் ஆற அமரக் குனிந்து, ரப்பரில் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. கோடெல்லாம் ஆழமாகத்தான் இருக்கிறது, ஆனால் டயருக்கு ஒன்பது வயது, ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்டது, ஈரத்தில் எப்படிப் பிடிக்கும் என்றார். டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு சின்ன எண்களைத் துடைத்துக் காட்டினார். முதல் இரண்டும் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். ஊருக்கெல்லாம் பொடி எழுத்துப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் அத்தான், எட்டு மாதமாக அந்த டயரைத் தன் கையால் கழுவிக்கொண்டிருந்தவர், அதைப் படித்ததே இல்லை. அவர் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது, கிண்டலை இரண்டு நாள் தள்ளி வைத்தேன்.

இந்த வண்டிக்கு முன் டயர் ஓர் அளவு, பின் டயர் அதைவிட அகலம். அந்த அளவுகளில் மூன்றே மூன்று ரகம்தான் கிடைக்குமாம். கடைக்காரர் நடுவில் இருந்ததைத் தட்டி, மழைத் தண்ணீரை வெளியே தள்ள ஆழமான கோடுகள் உள்ளது இதுதான், இதைப் போட்டுக்கொண்டு போங்கள் என்றார். ஐந்து நிமிஷ வேலை. அத்தான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

யோசித்தார், யோசித்தார், அப்படி யோசித்தார். அடுத்த வாரம் பஸ்ஸில் போய், கடைக்காரரை இரண்டிரண்டு டயராக உருட்டிவரச் சொன்னார். "ஒண்ணா, ரெண்டா?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். பிறகு இடம் மாற்றி நிறுத்தச் சொன்னார். இப்போது பார்த்ததையேதான் மறுபடியும் பார்க்கிறீர்கள் என்று அந்த மனிதர் பணிவாகச் சொன்னார். தெரியும், அதற்காகத்தான் என்றார் அத்தான். பந்தய வண்டிகளுக்குப் போடும் மிருதுவான டயர்மேல் அவருக்கு ஒரு கண் விழுந்ததும் கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"அது சூடானாத்தான் சார் பிடிக்கும். வீட்ல இருந்து உங்க கடைக்கு நாலு கிலோமீட்டர். நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் அது தூக்கத்துல இருந்தே எழுந்திருக்காது."

இருட்டு அறையிலும் டயர்ப் பேச்சு ஆரம்பித்தது. சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம், நீங்கள் என்ன டயர் போட்டிருக்கிறீர்கள், மழையில் எப்படி என்று விசாரித்தார். ஒருவர் தன்னிடம் சைக்கிள்தான் இருக்கிறது என்றார். அதையும் குறித்துக்கொண்டார்.

அத்தான் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிச் சட்டம் வாங்க வருபவர்கள் முடிவு செய்ய முடியாமல் திணறினால், இரண்டு சட்டத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். வீட்டு வெளிச்சத்தில், வீட்டு மனிதர்கள் நடுவில் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பார். அதே நியாயத்தை டயர்க் கடையில் பேசினார். கடைக்காரரின் மனைவிக்குக் கண்ணாடி போட்டவர் அத்தான்தான், அவரால் மறுக்க முடியவில்லை. இரண்டு டயர்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் சோபாவுக்கு எதிரே மூன்று வாரம் இருந்தன. வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அக்கா ஒன்றின்மேல் பலகை போட்டுப் பரீட்சைத் தாள் திருத்தினாள், இன்னொன்றில் துவைத்த துணியைக் குவித்தாள்.

இத்தனைக்கும் வண்டி உறைக்குள்ளேயே கிடந்தது. ஓட்டினால் பழைய டயர் தேய்ந்துவிடும் என்றார். தேயட்டுமே, எப்படியும் தூக்கிப் போடப் போகிறோமே என்றேன். அவர் உறையை இன்னும் இறுக்கிக் கட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிறவன்கூட இதைவிடச் சீக்கிரம் முடிவு சொல்லிவிடுவான் என்று கத்தினேன். அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிரே இல்லை, நான்தான் கவனிக்கவில்லை.

கடைசியில் நானே ஒருநாள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், கடைக்காரர் முதல் நாள் தட்டிக் காட்டிய நடு ரகத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிறுத்தினேன். அத்தான் சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். அவர் டயரைச் சுற்றி ஒருமுறை நடந்து, நாலு எண்களையும் படித்து, நல்லது மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை. அக்கா குடையை மடக்கிவிட்டு வண்டிக்குள் விழுந்தாள். கால் மணி நேரம் ஆயிற்று, அத்தானைக் காணோம். சாவியைத் தேடுகிறார் போல என்று உள்ளே போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சாவி கையில்தான் இருந்தது.

"அன்னைக்கு வண்டி சுத்தினப்ப அவ பக்கத்துக் கதவுதான் விளக்குக் கம்பத்துக்கு நேராப் போச்சு மாப்ளே. ஒரு முழம் இருக்கும். அவ்வளவுதான்."

சாவியை உள்ளங்கையில் திருப்பினார்.

"எந்த டயர்னு எனக்கு மொத நாளே தெரியும். மாத்திட்டா அவ ஏறி உட்கார்ந்திருவாளே, நான் ஓட்டணுமே."

நாலு மாதமாக இந்த மனிதரைக் கேலி செய்த நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே ஹாரன் அடித்தது. அக்காவால் தானாக இறங்க முடியாது, அடித்துக்கொண்டே இருந்தாள். அத்தான் எழுந்து போனார், நானும் குடையோடு பின்னால் போனேன். அவர் ஜன்னலில் குனிந்து, என்னிடம் சொன்னதை அவளிடமும் சொன்னார். மழையில் நனைந்துகொண்டே, கம்பத்தையும் முழத்தையும் விடாமல் சொன்னார்.

"நான் கம்பத்தப் பார்க்கவே இல்லைங்க, கண்ண மூடிட்டேன்" என்றாள் அக்கா. "வீடு வர்ற வரைக்கும் உங்க கைதான் நடுங்கிக்கிட்டே வந்துச்சு. டயருன்னு சொன்னா கொஞ்ச நாள் ஓட்டாம இருப்பீங்கன்னு சொன்னேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். அவர் சுற்றி வந்து ஏறினார், கதவைச் சாத்தினார், வண்டி மெதுவாக நகர்ந்தது. தெருமுனையில் திரும்ப அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பின்னால் மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டன.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். அத்தான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டு வண்டிக்கு உறை எடுக்கப் போனார். ரவுண்டானா வழியாகவா போனீர்கள் என்று கேட்டேன். மூன்று தடவை சுற்றினோம் என்றாள். நாலு மாத உழைப்பாயிற்றே, டயர் எப்படி என்று கேட்டேன்.

"டயர யாருடா பார்த்தா" என்றாள்.