காப்பி டின்னில் கட்டிய பட்டு நூல்

பிள்ளைகளே, அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு காப்பித்தூள் கடையில் வேலை பார்த்தேன். "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டாலே, புதிதாக வாங்க வருபவர்கள் மிரண்டு போவார்கள். அதனால் ஒவ்வொரு தூளிலும் காப்பி போட்டுப் பார்த்து, பால் கலந்ததும் வந்த நிறத்திலேயே பட்டு நூல் தேடி அந்தந்த டின்னில் கட்டினேன். நெசவு ஊராயிற்றே, நிறம் தெரியாதவர் யார்?

முதலில் வந்தவர் முசரவாக்கத்து அம்மா ஒருவர். அன்று சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் அதுவரை காப்பியே போட்டதில்லையாம்.

"நூல் கருக்கக் கருக்கக் கசப்பு ஏறும்மா," என்றேன்.

அவர் நூல்களை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"புடவையா எடுக்கறீங்க?" என்று சிரித்தார் பின்னால் நின்ற நெசவாளர்.

"வர்றவங்களும் தறிக்காரங்கப்பா. காப்பி கலரையும்தான் பாப்பாங்க. நடுவுல இருக்கறதைக் குடு."

மறுநாள் நான் கடை திறக்கும்போதே வந்து நின்றார்.

"மாப்பிள்ளையோட அம்மா இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாங்கப்பா. நிச்சயத்துக்கும் அதையே குடு."

எனக்குச் சந்தோஷத்தில் தராசு கூட நேராக நிற்கவில்லை.