பூட்டிய அறையிலிருந்து கடலை வெளியேறிய வழி

இன்று திண்டுக்கல் பூட்டுக்கடைக்குப் போனபோது, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நண்பரையும் அழைத்துப் போனேன். தவறுதான்.

குஜிலியம்பாறை விவசாயி ஒருவர் பெரிய பூட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூட்டுனது பூட்டுனபடிதான் இருக்கு. உள்ள கடலைமூட்டை மட்டும் கொறயுது. மச்சினன் மேலதான் சந்தேகம்."

நண்பர் வாயைத் திறந்தார். "அணுவ விடச் சின்னதெல்லாம் சில சமயம் சுவர ஒடைக்காமலே அந்தப் பக்கம் போயிடும்ங்க."

"குண்டு செய்யிறாங்களே, அந்த அணுவா? மூட்டையும் போகுமா?"

"கணக்குப்படி வாய்ப்பு உண்டு. ஆனா ரொம்ப ரொம்பக் கம்மி."

"உண்டுல்ல?"

விவசாயி பூட்டைக் கீழே வைத்தார். "பாவம், வீட்டுப்பக்கமே வராதேன்னுட்டேன். போயி அவனக் கூட்டியாறேன்."

அவர் போனதும் கடைக்காரர் நண்பரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மச்சினன் போன வாரம் இங்கதான் சார் மாத்துச்சாவி செஞ்சுட்டுப் போனாரு."

"விவசாயிகிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ரெண்டு பேருமே நமக்கு வாடிக்கை சார்."

ஆக, மூட்டை போன வழிக்கு இப்போது இரண்டு விளக்கங்கள் உள்ளன. நண்பர் தம்முடையதை இன்னும் கைவிடவில்லை. குடும்ப அமைதிக்கு உகந்ததும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

மச்சினன் உள்ளவர்கள் கருத்துச் சொல்லலாம்.