நான் எடுத்துக் கொடுத்த வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவோம். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் உங்களுக்கென்று தந்த வாக்கு. வாசல் நிலைக்கு மேலே ஒட்டுகிறவர்கள் உண்டு, பர்சில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பதினோரு வருடம் அந்தத் தட்டைப் பிடித்து நின்றவன் நான். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சபையில் இந்த மாதிரி வேலைகள் தானாக வந்து சேரும்.

என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இதைக் கடைசிவரை மூடி வைத்து யாரையும் கலங்க அடிக்கும் உத்தேசம் எனக்கில்லை. எனக்கே கலக்கம் வரவில்லை. காலையில் எழுகிறேன், பால் காய்ச்சுகிறேன், தண்ணீர் வரும் நாளில் குடங்களை நிரப்புகிறேன். உள்ளே மரத்துப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அவள் போவதற்கு முந்தின டிசம்பரில் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, சின்னதுதான், பொங்கலுக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு அது பேறுகால நேரம். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். திரும்பி வரும் பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும் என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "செத்துருவனாங்க?" என்று கேட்டாள். "சும்மா வா" என்றேன். முப்பத்தொரு வருடம் கூட இருந்தவளுக்கு என்னிடமிருந்து கிடைத்த ஆறுதல் அதுதான்.

வாயால் சொல்லத் தெரியாததை அட்டையால் சொல்லலாம் என்று புத்தி போயிற்று. நீண்ட ஆயுள் தருவேன் என்று வரும் வசனத்தை அட்டைக் கட்டிலிருந்து தனியே எடுத்து வைத்தேன். அவள் முறை வந்தபோது கல்யாண வீட்டில் வித்தை காட்டுகிறவன் மாதிரி அதை மட்டும் அவள் விரலுக்கு நேராகத் தள்ளினேன். கண்ணை மூடியிருந்தவள் அதையேதான் எடுத்தாள். தைரியமாக ஆபரேஷனுக்குப் போவாள் என்று நினைத்தேன். சத்தியமாக நான் நினைத்தது அதுதான்.

அவளோ வாசித்துவிட்டு அங்கேயே முழங்கால் போட்டு அழுதாள். மறுவாரம் சபை நடுவே நின்று சாட்சி சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள், நானும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நாளில் அவள் பையைத் தொடவே இல்லை. "ஆண்டவரே ஆயுசு குடுக்குறேன்னு சொல்லிட்டாரு. இனிமே கத்தி எதுக்குங்க?" என்றாள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதை என் கையால் பிடுங்க எனக்குத் துணிச்சல் இல்லை. போதாக்குறைக்கு, நானே வைத்த அட்டையை நானே கொஞ்சம் நம்பவும் ஆரம்பித்திருந்தேன். தை போனது, மாசி போனது. ஆஸ்பத்திரிப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

மே மாதம் ஒரு நாள் மதியச் சமையல் நேரம். அலமாரியில் இருந்த கடுகு டப்பாவை எடுக்க அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. வலது கையால் முக்காலியை இழுத்துப் போட்டாள். டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டுக்கொண்டே, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஆண்டவரு பேருல நீங்க கையெழுத்துப் போட்டீங்களாக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மிச்சக் காயையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் மறுபடி பேசினாள். ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன அதே குரல்.

"வேதத்துல, நட்சத்திரம் மாதிரி சந்ததி தாரேன்னு ஒரு பெரியவரோட ஆண்டவரு உடன்படிக்கை பண்ணுனாருல்ல. ஆடு மாட்டை ரெண்டா வெட்டி எதிரெதிரா வச்சிருந்துச்சு. வாக்குக் குடுக்குற ரெண்டு பேரும் அதுக்கு நடுவுல நடக்கணும். மீறுனா எனக்கும் இந்தக் கதிதான்னு அர்த்தம். ஆனா பெரியவரு அசந்து தூங்கிட்டாரு. நெருப்பு மட்டுந்தான் நடுவுல போச்சு. அந்த நெருப்பா ஆண்டவரு ஒத்தையாத்தான் நடந்தாரு. மனுசன் தப்புப் பண்ணாலும் அந்த வாக்கு கெட்டுப்போகக் கூடாதுன்னுதான்."

"ம்" என்றேன்.

"அதனால நீங்க பண்ணுன கூத்துல அவரு வாக்கு ஒண்ணும் கெடாது. அவரு என்னைய விட மாட்டாரு. ஆனா, இந்தக் கட்டியைப் பத்தி அவரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலை, பாருங்க." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்தேன்.

மறுநாள் காலை சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புங்க, மதுரைக்குப் போவோம்" என்றாள். அட்டையைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்த அன்று மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஜனவரியில தேதி குடுத்தேனேம்மா. அப்பவே வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் ஏறுவது தெரிந்தது. "நீங்க என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? அம்மாகிட்ட எடுத்துச் சொல்லலையா?"

கட்டிலில் இருந்தவள்தான் பேசினாள்.

"அப்பா தெனமும் சொன்னாரு. கெஞ்சுனாரு. நான்தான் பயந்துக்கிட்டு வர மாட்டேன்னுட்டேன். அவரை ஒண்ணும் சொல்லாத."

அவள் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "இல்லை, அது பொய்" என்று நான் மகளிடம் சொல்லவில்லை. மகள் அழுதுகொண்டே வந்து என் தோளில் சாய்ந்தாள்.

கார்த்திகையில் அடக்கம் செய்தோம். அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. எல்லா ஞாயிறும் மகள் போன் செய்து, அம்மாவுக்காக நான் எவ்வளவோ பாடுபட்டதாகவும், அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறாள். நான் சரிம்மா என்கிறேன்.