இந்தப் படிப்புக்கு எத்தனை கார்?

"கிளட்ச்ச மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா. அவ்வளவுதான். ஆமா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

ஸ்டியரிங்கை உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கும் பல் டாக்டர், எதிரே வரும் தண்ணீர் லாரியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்கிறார். எத்தனை வருஷப் படிப்பு, என்ன செலவு, போட்டதை எடுக்க எவ்வளவு காலம் ஆயிற்று, படித்ததில் எவ்வளவு கைக்கு உதவுகிறது, மறுபடியும் பதினெட்டு வயது திரும்பினால் இதையேதான் படிப்பாரா? ஐந்து கேள்விகள். நாலுக்கு அடுத்த சிக்னல் வருவதற்குள் விடை வந்துவிடுகிறது. ஐந்தாவதற்கு டாக்டர் கொஞ்சம் யோசிக்கிறார். வண்டி நின்றுபோகிறது.

"கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டு யாராலயும் பொய் சொல்ல முடியாது" என்பார் கிளட்ச் அக்கா. "பொய்க்குன்னு தனியா கொஞ்சம் மூளை வேணும். அந்த நேரத்துல அது காலியா இருக்காது."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பதினோரு வருஷமாக அதே பக்கத்து சீட், காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். வயது நாற்பத்தொன்று. உயரம் போதாததற்கு ஒரு மெத்தை, வெயிலுக்கு முழங்கை வரை ஒரு பழைய சட்டைக் கை. கற்றுக்கொள்பவரின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் ஹாரன்கள் காதைக் கிழிக்கும்போது, பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து நிதானமாகக் காகிதம் பிரிப்பார். "அவங்களுக்கும் ஒரு நாள் இப்படி நின்னிருக்கும். மறந்துட்டாங்க. நீங்க சாவியத் திருப்புங்க."

படிப்புச் செலவைக் காசில் சொன்னால் அவருக்கு ஏறாது. அதை அவர் கார்களாக மாற்றிக்கொள்வார். ஓட்டுநர் பள்ளியில் இருக்கும் இந்தப் பழைய சின்னக் கார்தான் அளவு. பல் டாக்டர் படிப்பு ஒன்பது கார். கணக்குத் தணிக்கை ஒரு கார், ஆனால் ஆறு முறை பரீட்சை. வீட்டு உள்அலங்காரம் படித்த பெண் ஒருத்தி நாலு கார் என்றதும் அக்கா, "இப்ப என்ன வேலைம்மா?" என்று கேட்டார். "திரைச்சீலைக் கடையில அளவு எடுக்கறேன்கா" என்றாள் அவள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை அக்கா மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பெண் விளக்குக் கம்பத்தில் மோதியிருப்பாள்.

"எதுக்குக்கா இவ்வளவு விசாரிக்கறீங்க? பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று எல்லோரும் கேட்பார்கள்.

"எங்க வீட்ல ஒருத்தருக்கு."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். அவரும், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் கணவரும். கணவருக்குப் படிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி வரும். ஆக, அந்த ஒருத்தர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆசை வந்து ஒரு வருஷம் ஆகிறது. விபத்தில் ஒரு கை முடங்கிப்போன வங்கிக் காசாளர் ஒருவர் அப்போது வந்து சேர்ந்தார். மூன்று பள்ளிகள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருந்தன. அக்கா அவரைக் கியர் இல்லாத காரில் உட்காரவைத்தார். ஒரு கையாலேயே வளைக்கும்படி ஸ்டியரிங்கில் ஒரு குமிழைப் பொருத்தினார். முதல் வாரம் முழுக்கக் காலியான மைதானத்தில் எட்டு எட்டாகச் சுற்றவிட்டார். நாற்பதாவது நாள் காசாளர் தன் மனைவியைப் பின்சீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். அதைக் கேள்விப்பட்டு, அவருக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நாலாவதாக, அந்தப் பிரிவின் தலைமைப் பெண்மணியே வந்து பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"இந்த சீட்லதான் மேடம்."

"எங்க வார்டுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் வேணும். ஆனா படிச்சதுக்குப் பேப்பர் இல்லாம எடுக்க மாட்டாங்க."

"என்ன பேப்பர் மேடம்?"

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் ஐந்து கேள்விகள்.

கணவரிடம் சொன்னபோது அவர் திருப்புளியைக் கீழே வைக்காமலே, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? உனக்குத்தான் வேலை தெரியுதே" என்றார்.

"அப்படிச் சொன்னவன் அதையும் ஏட்டுலதானே எழுதி வச்சான்? எழுதலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

வழிகள் இரண்டு இருந்தன. அரசுப் பயிற்சி நிலையத்தில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு இரண்டு வருஷ மாலை நேர டிப்ளமா. செலவு கால் கார். சுவரில் காரை பெயர்ந்த கட்டடம், விசாரிக்கப் போனால் மின்விசிறி மட்டும்தான் பதில் சொல்லும். இன்னொன்று, ஊரெல்லாம் விளம்பரத் தட்டி வைத்திருக்கும் தனியார் கல்லூரி. வார இறுதி வகுப்பு, அதே படிப்பில் நாலு வருஷப் பட்டம், 'நூற்றுக்கு நூறு வேலை', செலவு மூன்று கார்.

அறிவு டிப்ளமாவின் பக்கம் நின்றது. மனசு அந்தத் தட்டியின் கீழேயே நின்றது. தட்டியில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் பிறந்த வீட்டுக் கூடத்தில் தங்கையின் படம் அதே அங்கியில் தொங்குகிறது. அக்கா படிக்கவேண்டிய வருஷத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று; தங்கையின் முறை வந்தபோது அக்காவின் சம்பளம் இருந்தது. அதற்காக அக்கா யாரையும் குறை சொன்னதில்லை. அந்தப் படத்துக்கு நேர் எதிரே உள்ள நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டார்.

தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் புது மாணவர் ஒருவர் வந்தார். டை கட்டிய இளைஞர். அந்தக் கல்லூரியின் சேர்க்கை அதிகாரி என்று படிவத்தில் எழுதியிருந்தார். அக்கா சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவரை நேரே மேம்பாலத்துக்கு அழைத்துப்போய், ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார்.

"இப்ப ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டு, பின்னால போகாம மேல ஏத்தணும். நீங்களும் அந்தக் காலேஜ்லயே படிச்சவர்தானா தம்பி?"

"ஆமாக்கா."

"நூற்றுக்கு நூறு வேலைன்னு போட்டிருக்கே, எப்படி?"

வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. இளைஞர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். "வேலை கிடைக்காதவங்களக் காலேஜே எடுத்துக்கும்கா."

"எடுத்து?"

"அட்மிஷன் ஆபீஸ்ல போடும். நான் அப்படி வந்தவன்தான். எங்க செட்ல பதினாறு பேர். நாள் முழுக்க வீடு வீடா போன் பண்ணுவோம்."

"என்ன சொல்லுவீங்க?"

"நூற்றுக்கு நூறு வேலைன்னு."

இஞ்சின் அணைந்தது. வண்டி இன்னும் நழுவாமல் அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஐந்தாவது கேள்வியைக் கேட்காமல் விட்டார். அவர் கேட்காமலே இளைஞர் சொன்னார்: "என் சொந்த அக்காவா இருந்தா வேணாம்னுதான் சொல்வேன். ஆபீஸ்ல சொல்லிடாதீங்க."

"இந்தக் கார்ல பேசினது கதவோட போச்சு. சாவியத் திருப்புங்க தம்பி." அன்று அவருக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கற்றுக்கொடுத்தார்.

மறுநாள் மருத்துவமனைப் பெண்மணியைப் போனில் கூப்பிட்டு, பட்டம், டிப்ளமா இரண்டில் எது எடுபடும் என்று கேட்டார். "வேலைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரே கட்டத்துலதான் டிக் போடுவாங்க. பின்னாடி பெரிய பதவிக்குப் போகணும்னா பட்டம் வேணும். உங்களுக்குப் பெரிய பதவி வேணுமா?"

"எனக்கு அந்த வார்டுதான் வேணும் மேடம்."

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த ஒரு வாரம் அந்தத் தட்டி இருக்கும் தெருப் பக்கம் யாரையும் ஓட்டவிடவில்லை. அங்கே பள்ளம் என்றார். பள்ளம் எதுவும் இல்லை. கணவருக்கு விஷயம் புரிந்தது. "கறுப்பா தொளதொளன்னு ஏதாவது மாட்டணும்னா ஒரு மழைக்கோட்டு வாங்கித் தரேன். மூணு காரு மிச்சம்" என்றார். அக்கா சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது.

சேர்க்கையின் கடைசி நாளன்று, காரை பெயர்ந்த கட்டடத்தின் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார். முன்னும் பின்னும் பதினெட்டு வயதுகள், பக்கத்தில் அவர்களைப் பெற்றவர்கள். ஜன்னலுக்குள் இருந்த பெண் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"பாதுகாவலர் கையெழுத்து விட்டுப்போச்சும்மா. பிள்ளைக்கு நீங்க என்ன உறவுன்னும் எழுதல."

"எனக்குத்தாம்மா சேர்க்கை."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். "அந்த இடம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காதே" என்று தயங்கினாள்.

அக்கா படிவத்தை ஜன்னல் விளிம்பில் விரித்தார். மாணவர் கையெழுத்துக்குக் கீழே, பாதுகாவலர் என்ற கோட்டின்மேல் அதே கையெழுத்தை இன்னொரு முறை, கொஞ்சம் பெரிதாகப் போட்டார். பிறகு, உறவு என்று கேட்ட கட்டத்துக்குள் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'நானே.'