பாதி டேங்க் டீசல்

அழகுமலையின் கால் உடைந்த அன்று காலையில் கொம்பு வண்டிக்கு டீசல் ஊற்றியவள் வீரம்மா. அதனால் பழி அவள் தலையில் விழுந்தது.

பெருமாள்மலைக்குச் சற்று மேலே இருந்தது அந்த மரக்கிடங்கு. வெட்டிக் கொண்டுவரும் சீகை மரக் கட்டைகளை அடுக்கி வைத்து, லாரியில் ஏற்றி மலைக்குக் கீழே அனுப்புவார்கள். 1978-ல் முதலாளி எங்கோ துறைமுகத்துப் பக்கம் ஏலத்தில் ஒரு பழைய ஃபோர்க்லிஃப்டை எடுத்து வந்தார். முன்னால் இரண்டு இரும்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்ததால் ஆட்கள் அதைக் கொம்பு வண்டி என்றே அழைத்தார்கள். பத்துப் பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கும் கட்டைகளை அது அலுங்காமல் தூக்கியது. ஆனால் சமதரையில் ஓடிப் பழகிய வண்டி அது. இங்கே லாரி நிற்கும் மேட்டுக்குப் போக ஒரு சரிவு ஏறியாக வேண்டும். அந்தச் சரிவில் எஞ்சின் அடிக்கடி நின்றது.

ஆடி மாதத்துச் சாரலில் ஒருநாள், பாரத்தோடு பாதிச் சரிவு ஏறியபோது எஞ்சின் இருமிக்கொண்டு அணைந்தது. டிரைவர் திருமலைச்சாமி கைப்பிரேக்கை இழுத்துப் பார்த்தான். பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் கட்டையோடு வந்த அழகுமலை விலகுவதற்குள் வண்டி பின்னோக்கி உருண்டு, அவன் வலது காலை மர அடுக்கோடு வைத்து நசுக்கியது.

இரண்டாம் நாள் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்த டீசலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது.

"டீசல்ல தண்ணி. எஞ்சின் நிக்காம என்ன செய்யும்? பேரல் யாரு பொறுப்பு?"

மானேஜர் சுவாமிநாதன் வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் அவளைப் பட்டை உரிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

வீரம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நான்கு வருஷத்துக்கு முன்பு, கணவன் நல்லையாவும் ஒரு மகளுமாகக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்தவர்கள். கொழுந்து பறித்த கைக்கு டீசல் பேரலும் கைப்பம்பும் புதிது. ஆனாலும் ஒப்படைத்த வேலையில் ஒரு சொல் வரவிடமாட்டாள். வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் ஒரு லிட்டர்கூட ஊற்றியதில்லை. காலையில் ஒரு மூங்கில் குச்சியை டேங்கில் விட்டு எத்தனை விரல் டீசல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை அனுப்புவாள்.

அழகுமலையின் மனைவி கண்மணி தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்: "ஏண்டி சிலோன்காரி, ஒன் தண்ணி டீசலுக்கு எம்புருசன் காலுதான் கெடச்சுச்சா?"

வீரம்மா குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"விட்டுத் தள்ளு. பட்டை உரிச்சாலும் அதே சம்பளந்தானே" என்றான் நல்லையா.

"சம்பளம் கெடக்கட்டும். வண்டி இன்னும் நிக்குதே? பேரலைக் கழுவி, புது டீசல் ஊத்தியும் நேத்து ரெண்டு தடவை நின்டுச்சி. அடுத்து யாரு கால் போகப் போவுது?"

அன்று முதல் அவளுக்கு அதே யோசனை. பட்டை உரித்துக்கொண்டே வண்டியைக் கவனித்தாள். வெள்ளனே வேலை தொடங்கும்போது எஞ்சின் நிற்பதில்லை. மதியத்துக்கு மேல் நின்றது. தரையில் எவ்வளவு நேரம் ஓடினாலும் நிற்பதில்லை. சரிவில் மட்டும் நின்றது. தண்ணீர்தான் காரணம் என்றால் அது மேடு பார்த்தா வரும்?

சாப்பாட்டு நேரத்தில் திருமலைச்சாமியைப் பிடித்தாள். "தம்பி, வண்டியைச் சரிவுல ஏத்தி நிப்பாட்டு. நாலு சக்கரத்துக்கும் கட்டை குடு. ஒரு கணக்குப் பாக்கணும்."

"எதுக்குக்கா? மானேஜர் பாத்தா வையப் போறாரு."

"வஞ்சா நான் வாங்கிக்கிறேன். நீ ஏத்து."

முதலில் தரையிலேயே குச்சியை விட்டுப் பார்த்தாள். ஐந்து விரல். வண்டி சரிவில் ஏறி நின்ற பிறகு மறுபடி விட்டாள். எட்டு விரல்! ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் மூன்று விரல் கூடியிருந்தது. டீசல் ஊற்றும் வாய் டேங்கின் பின்பக்கம் இருந்தது. அப்படியானால் முன்பக்கத்து டீசல்தான் பின்னால் சரிந்து வந்திருக்கிறது.

"எஞ்சினுக்குப் போற குழாய் டேங்குக்குள்ள எந்தப் பக்கம் இறங்குது?"

திருமலைச்சாமி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. "முன்பக்கங்க்கா."

"அப்ப டேங்க் கொறைஞ்சதும் சரிவுல அது டீசலைக் குடிக்கல. காத்தைக் குடிக்குது."

அந்தச் சூட்டோடு இருவரும் சுவாமிநாதனிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டு, "மதுரை மெக்கானிக்குக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" என்றார்.

"எனக்குத் தெரியும்னு சொல்லலைங்க ஐயா. நீங்களே பாருங்கன்னுதான் சொல்றேன். ஒரே பேரல் டீசல். டேங்க் நெறைய ஊத்தி ஏத்தச் சொல்லுங்க. பொறவு பாதியாக் கொறைச்சு ஏத்தச் சொல்லுங்க. பின்னால ஒரு ஆளும் நிக்கக் கூடாது."

அவர் போகச் சொல்லிவிட்டார். அவள் மறுநாளும் போய் நின்றாள். அதற்கு மறுநாளும் போனாள். நான்காம் நாள், தொல்லை தீர்ந்தால் போதும் என்று அவர் எழுந்து வந்தார். நிறைந்த டேங்கோடு வண்டி பன்னிரண்டு முறை ஏறியது, ஒருமுறைகூட நிற்கவில்லை. டீசலை வடித்துப் பாதியாக்கினார்கள். இரண்டாம் ஏற்றத்திலேயே நின்றது. சக்கரத்துக்குக் கீழே தயாராக வைத்திருந்த கட்டை வண்டியைப் பிடித்துக்கொண்டது.

சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எப்பவும் டேங்கை நெறைச்சே வச்சிருவோம்."

"மறந்து போற நாளும் வருமுல்லைங்க ஐயா. டேங்கைத்தான் திருத்தணும்."

டேங்கைக் கழற்றி மர லாரியில் வத்தலக்குண்டுக்குக் கொண்டு போனார்கள். வீரம்மாவும் பிடிவாதமாகக் கூடவே போனாள். பட்டறைக்காரர் சேனாதிபதி எடுத்த எடுப்பில் வெல்டிங் கண்ணாடியை மாட்டினார்.

"அண்ணே, நிறுத்துங்க. உள்ள டீசல் ஆவி கெடக்கு. முகாம்ல இப்படித்தான் காலிப் பேரலை வெட்டப் போயி அது வெடிச்சு ஒருத்தருக்குக் கண்ணு போச்சு. நல்லாக் கழுவி, தண்ணியை ஊத்தி நெறைச்சுட்டு வெல்டு வைங்க."

"நெருப்போட பொழைக்கிறவன்கிட்டயே சொல்லுற" என்று முனகினாலும் அவர் சோடா போட்டு இரண்டு முறை கழுவினார். டேங்கைக் கவிழ்த்து வைத்து, வெல்டிங் வைக்கும் இடத்துக்குக் கீழே விரலளவு விட்டுத் தண்ணீர் நிரப்பினார். அதன் பிறகே தீப்பொறி பறந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான்: டேங்கின் அடியில் நட்டநடுவே ஒரு சின்னக் கிண்ணம் வேண்டும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் கடைசி டீசல் அதில் தங்க வேண்டும், எஞ்சின் குழாய் அங்கிருந்து உறிஞ்ச வேண்டும். சேனாதிபதி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். கிண்ணத்துக்கு அடியில் ஒரு திருகுக் குழாய் வைத்து, எஞ்சின் குழாயைக் கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு விரல் உயர்த்தினார். "தண்ணி கனம். அடியில தங்கும். காலையில கொஞ்சம் தொறந்து விட்டா வெளிய போயிரும்."

அந்தச் சொல் வீரம்மாவைக் குத்தியது. அப்படியானால் ஃபில்டரில் நின்ற தண்ணீர் எங்கிருந்து வந்தது? திரும்பியதும் பேரல் கொட்டகைக்குப் போனாள். பேரல்கள் நிமிர்ந்து நின்றன. கூரை ஒழுகி, ஒவ்வொரு பேரலின் தலையிலும் சாரல் தண்ணீர் தேங்கியிருந்தது. பகலில் வெயில் பட்டுச் சூடான பேரல், பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் மூடியின் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இத்தனை நாள் இதை அவள் பார்க்கவில்லை.

யாரும் சொல்லாமலேயே, திறக்காத பேரல்களைப் படுக்க வைத்தாள், தலையிலுள்ள மூடி இரண்டும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் வருமாறு. திறந்து புழங்கும் பேரலில் இறங்கும் பம்புக் குழாயின் நுனியை நான்கு விரல் வெட்டிக் குறைத்தாள், அடித்தண்ணீரை அது இழுக்காதபடி.

டேங்கை மாட்டி ஓட்டியபோது, முதல் ஏற்றத்திலேயே எஞ்சின் நின்றது. கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். சுவாமிநாதன் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"ஐயா, அஞ்சு நிமிசம்!" என்று கத்திவிட்டு வீரம்மா வண்டிக்கடியில் நுழைந்தாள். குழாய் இணைப்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் ஈரம். அங்கே நசுங்கிப்போன பழைய செம்பு வாஷரையே மறுபடி மாட்டியிருந்தார்கள். டீசல் கசிகிற வழியாகக் காற்றும் உள்ளே போகும். திருமலைச்சாமி புது வாஷர் போட்டு, குழாயிலிருந்த காற்றை அடித்து வெளியேற்றினான்.

கால் டேங்க் டீசலோடு வண்டி ஏறியது. இருபது முறை, பாரத்தோடு. கைப்பிரேக்குக்கும் புது கேபிள் போட்டிருந்தார்கள். கடைசி முறை நடுச்சரிவில் வேண்டுமென்றே நிறுத்தி, பிரேக்கை மட்டும் நம்பி விட்டான் திருமலைச்சாமி. வண்டி அசையவில்லை.

"நாளைக்கு டீசல் கொட்டகைக்கே வந்துரும்மா" என்றார் சுவாமிநாதன்.

"வர்றேங்க. அழகுமலைக்கும் ஒரு எடம் வேணும். பாரம் தூக்க முடியாது. லாரியில ஏத்துற மரத்துக்கு அளவு பாக்கட்டும்."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார். அதற்கும் மூன்று வாரம் அலையவிட்டார்.

உத்தரவு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழகுமலை வீட்டுக்குப் போனாள். கண்மணி வாசலிலேயே நின்றாள், வா என்று சொல்லவில்லை. உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் அழகுமலை. வீரம்மா அவனுக்கு வேலை கிடைத்த செய்தியை முதலில் சொல்லவில்லை.

"எஞ்சின் நின்னது டேங்குனாலதான். அது நிச்சயம். ஆனா தண்ணி இருந்ததும் நெசம். பேரல் தலையில தண்ணி தேங்குனதை நான் பாக்காம விட்டுட்டேன். டேங்க் சரியானப்புறம் அதை யாரும் எங்கிட்டக் கேக்கல. ஒங்கிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

அவன் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இப்ப ஏறுதா?" என்று கேட்டான் கடைசியில்.

"கால் டேங்க்லயும் ஏறுது."

"பின்னால ஆளு நடக்குறானுகளா?"

"ஒருத்தனையும் விடுறதில்ல. சரிவுக்குக் கயிறு கட்டி வச்சிருக்கேன்."

அவன் தலையசைத்தான். கண்மணி உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். வீரம்மா அதைக் குடித்த பிறகு வேலை விஷயத்தைச் சொன்னாள்.

எண்பத்து மூன்றில் கிடங்குக்கு இரண்டாவது வண்டி வந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முதலாளி அவசரப்பட்டார். டேங்கைத் திறந்து குழாய் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமல் அதற்கு ஒரு லிட்டர் டீசல்கூட ஊற்ற மாட்டேன் என்று வீரம்மா சொல்லிவிட்டாள். முதலாளி சுவாமிநாதனைப் பார்த்தார். சுவாமிநாதன் ஸ்பானரை எடுத்துவரச் சொன்னார்.