துப்பாக்கி திரும்பி வந்த வாரம்

அத்தானுக்கு இரண்டு கண்ணும் போனது மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்த சமயத்தில். அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். விடிவதற்கு முன்னால் ஓடைப் பக்கம் ஒதுங்கப் போனவரை, காட்டுப்பன்றி என்று நினைத்துச் சோளக்காட்டுக்காரர் சுட்டுவிட்டார். ஈய ரவை முகமெல்லாம் பாய்ந்திருந்தது. காட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் வாய்விட்டுத் திட்டவாவது செய்யலாம். அவரேதான் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார், அவர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போகும் வழியில், யாராவது கேட்டால் வெடி வெடித்துவிட்டது என்று சொல்லிவிடச் சொன்னார். துப்பாக்கி என்று வாயைத் திறந்தால் போலீஸ், விசாரணை என்று வைத்தியம் தள்ளிப்போகுமாம். நாங்கள் பட்டாசு ஊர்க்காரர்கள். முகம் சிதைந்து வருகிறவனை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் யாரும் ரொம்பத் துருவுவதில்லை. அக்கா தலையாட்டினாள், நானும் ஆட்டினேன். உயிர் தங்கினால் போதும் என்றிருந்தது அப்போது.

உயிர் தங்கிய பிறகுதான் புத்தி வந்தது. அத்தானையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த ஏட்டையா, “இதென்னம்மா, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்று சொல்லிவிட்டு, எதிரே நிற்கிறவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் எழுதிக்கொள்ளவும் இல்லை.

பயிரைக் காப்பாற்ற என்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு வீடுகளில் இருந்தது. நான் அப்போது அக்கா வீட்டில் இருந்துகொண்டு, சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அக்காவும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். மனிதனைச் சுட்ட துப்பாக்கிக்கு மறுபடி லைசென்ஸ் கூடாது, ஆள் நடக்கும் பாதையோரக் காட்டில் சுடக் கூடாது, ஊரைக் கேட்காமல் புதிதாக யாருக்கும் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். எம். புதுப்பட்டியில் வேலை முடிந்து வேன் அவர்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அந்தச் சோளக்காட்டு ஓரமாகத்தான் எல்லோரும் ஊருக்கு நடக்க வேண்டும். அக்காவும் அவர்களில் ஒருத்தி.

அந்தச் சமயம் பார்த்துத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்விடும், அது வழக்கம். காட்டுக்காரரும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உள்ளே போனது போனதாகவே இருக்கட்டும் என்று மனுவில் ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை சூலக்கரைக்குப் பஸ் ஏறினோம். அங்கே கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டமே இல்லை. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கிறது, முடிந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள், வேண்டுமானால் அதில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இத்தனை பேர் கையெழுத்தைப் பெட்டியில் போடவா, நேரில்தான் கொடுப்போம் என்று நான்தான் வீறாப்பாகச் சொன்னேன். துப்பாக்கிதான் பூட்டிக் கிடக்கிறதே, என்ன அவசரம் என்று சிரித்துக்கொண்டே திரும்பினோம். அக்கா பயமில்லாமல் நடந்து வீடு வந்தது அந்த நாட்களில்தான்.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். நடத்தை விதி வாரத்தின் நடுவிலேயே விலகிவிட்டது. சனிக்கிழமை காட்டுக்காரர் துப்பாக்கியைத் துணியில் சுற்றி பைக்கில் கொண்டுவந்ததை ஊரே பார்த்தது. குறைதீர்க்கும் கூட்டம் திங்கட்கிழமைதான். அதற்குள் துப்பாக்கி வெளியே வந்துவிடும் என்று எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன். ஓட்டுக்கு ஆபத்து என்றால் துப்பாக்கி உள்ளே, மனிதனுக்கு ஆபத்து என்றால் வெளியே. இதில் யாரைப் போய்க் கேட்பது?

ஆனாலும் போய் வரிசையில் நின்றோம். மனுவைப் படித்த அதிகாரி பொறுமையானவர்தான். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் பட்டாசு விபத்து என்றிருந்தது. அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் தரையைப் பார்த்தோம். “வெடிமருந்துலயே புழங்குற ஊர்க்காரங்க, துப்பாக்கிக்குப் பயப்படுறீங்களா?” என்றார். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பதில் வரும் என்றார். வரவில்லை.

அடுத்த மழைக்குச் சோளம் விதைத்தார்கள், பன்றியும் வந்தது. எங்களுக்குக் கையெழுத்துப் போட்ட வீடுகளிலேயே இரண்டு பேர், துப்பாக்கியோடு எங்கள் காட்டுப் பக்கமும் ஒரு நடை வந்து போங்கள் என்று காட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ராத்திரியில் வருஷ வெள்ளாமை போனால் அவர்கள் எங்கே போவார்கள்?

அத்தானுக்கு அதற்குப் பிறகு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கம்பெனிகளில் சாம்பிள் வெடி எவ்வளவு வெடித்தாலும் அசைய மாட்டார். துப்பாக்கிச் சத்தம் மட்டும் அவருக்குத் தனியாகத் தெரியும். கேட்டதும் வீட்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். நாங்கள் “இருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் அக்கா வரப் பிந்திவிட்டது. கம்பெனியில் லோடு ஏற்றுகிற நாளில் அப்படித்தான் ஆகும். அன்றைக்கு அவள் நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இருட்டிக்கொண்டு வரும்போது, சோளக்காட்டுப் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம் கேட்டது. நான் அடுப்பைத் தணித்தேன். கட்டிலில் படுத்திருந்த அத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

“ஏத்தா, நீ இருக்கியா?”

“இருக்கேன் அத்தான்.”

“உங்க அக்கா?”

வாசலுக்கு வந்து பாதையைப் பார்த்தேன். ஒருவரும் தென்படவில்லை.

“இருக்கா அத்தான். பின்னால பாத்திரம் கழுவுதா.”

அவர் பின்வாசல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“சரி. அவளையே சொல்லச் சொல்லு” என்றார்.